சாக்பீஸ் வட்டம்

கிணத்துக்கடவு தாண்டியும் பஸ்ஸில் நெரிசல் குறையவில்லை. எனக்கு முன் சீட்டில் ஓர் ஆராய்ச்சி மாணவியும், அவளுக்குப் பழக்கமான கல்லூரி ஆசிரியை ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்க கைடு சாரோட கம்ப்யூட்டருக்கு இரும்பே தெரியாதுங்கக்கா. சாக்பீஸ்தான் தெரியும்” என்றாள் மாணவி, சத்தமாகவே.

“என்ன அம்மணி சொல்ற?”

“பவுண்டரியில இரும்பை உருக்கி ஊத்துன காஸ்டிங்கு விரிசல் உட்டுதுன்னா, சாக்பீஸ்ல வட்டம் போட்டுத்தானுங்களே ஒதுக்கி வெப்பாங்க? விரிசலைக் கண்டுபுடிக்கக் கம்ப்யூட்டரைப் பழக்கறதுக்கு எங்க சாரு வட்டத்தோடவே போட்டோ புடிச்சு டேட்டாபேஸ்ல ஏத்திப்போட்டாருங்க. கம்ப்யூட்டரு வட்டத்தைப் பாத்துப் பாத்தே விரிசலு, விரிசலுன்னு கரெக்டாச் சொல்லிச்சு. ஆராய்ச்சிப் பேப்பர் வந்துச்சு, காலேஜுல சால்வை போத்துனாங்க.”

“அப்பறம்?”

“நேத்து ஒரு கம்பெனிக்கு டெமோ காட்டப் போனமுங்க. வட்டமே போடாம, பொளந்து கெடக்கற காஸ்டிங்கைக் கொண்டாந்து வெச்சாங்க. நல்ல பீஸுன்னு சொல்லுதுங்கக்கா!”

“அந்தாளுக்கு வெக்கமா இல்லையாமா?”

“எதுக்குங்க? வெளிச்சம் பத்தலைன்னு சொல்லிப்போட்டுக் காப்பி குடிச்சுட்டு வந்துட்டாரு.”

ஆசிரியை சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அது கெடக்குது. உன்ற தீசிஸுக்கு எந்தப் போட்டோ வெச்சிருக்கற?”

மாணவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அதே போட்டோதானுங்கக்கா. திங்கக்கெழம வைவா.”