தீவை நகர்த்தாத மீகாமன்

அவையை ஆளும் மூத்த மீகாமன் அவர்களே, அலைகளோடு போராடித் தலை நரைத்த பெரியோர்களே, துறைமுகப் படிகளில் கண் பூக்கக் காத்திருந்த தாய்மார்களே, லிஸ்பன் கடலோடிகள் சங்கத்துச் சொந்தங்களே, வணக்கம்.

விழா நாளில் வென்றவர்களைப் பாடுவது வழக்கம். நானோ தோற்றுத் திரும்பிய ஒருவரைப் பற்றிப் பேச வந்தேன். அவர் என் தந்தை, கப்பலுக்கு வழிகாட்டும் மீகாமன் ஆந்தாவ்.

அது எப்பேர்ப்பட்ட காலம்! ஆண்டுக்கொரு கரை வரைபடத்தில் முளைத்த காலம். கரையேறிய மூன்றாம் நாளுக்குள் மீகாமன் கடற்படங்களைக் காக்கும் வரைபடச் சாலைக்குப் போய், கண்டதைச் சத்தியம் செய்து சொல்வார். அவர் சொல்லை நம்பி, எல்லாக் கப்பல்களுக்கும் மூலமான தலைமைப் படம் திருத்தப்படும்.

அந்த ஆண்டு, இந்தியா போகும் கப்பலைத் தந்தைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன், நடுக்கடலில் கப்பல்கள் தண்ணீர் பிடிக்கும் தெர்சேய்ரா தீவுக்கு ஒரு பயணம். போனார். தீவைக் காணவில்லை! ஒன்பது நாள் மேகமூட்டம். சூரியனும் இல்லை, துருவ நட்சத்திரமும் இல்லை. பிளாந்தர்ஸ் நாட்டில் செய்த, புதிதாக வாங்கிய திசைகாட்டி ஒன்றே துணை. படத்தில் தீவு இருந்த இடத்தில் வெறும் தண்ணீர்தான். குடிநீர்ப் பீப்பாய் அடி தட்டியபோது, பறவைகள் பறந்த திக்கில் வடக்கே திரும்பித்தான் தீவின் கரையைக் கண்டார்கள். படம் தவறு என்றது கப்பல் முழுவதும். தந்தையும் அப்படித்தான் நம்பினார்.

வீடு திரும்பியதும், உப்புத் துடைக்கத் திசைகாட்டியைத் திறந்தார் என் தாய் பிரித்திஸ்.

"ஏங்க, திசை எழுதின அட்டைக்கு அடியில ஊசிக் கம்பி கோணலா ஒட்டியிருக்கே?"

தந்தை அட்டையைப் புரட்டிப் பார்த்தார். "ஊசி நேர் வடக்கக் காட்டாம கொஞ்சம் கிழக்கால சாயும்ல, அந்தச் சாய்வ பிளாந்தர்ஸ்காரன் அவனே திருத்தி ஒட்டிட்டான். நம்ம ஊருல நேரா ஒட்டுவாங்க, நாமதான் திருத்திக்குவோம். அந்த நெனப்புல நானும் ஒரு தடவ திருத்திட்டேன்."

"கருவாட்டுக்கு உப்புப் போட்டிருக்கீங்க. இத்தன வருஷம் கடல்ல கெடந்து கத்துக்கிட்டது இதுதானா?"

சிரிக்கிறீர்களா, தாய்மார்களே? சிரியுங்கள், அம்மாவும் சிரித்தார். பிறகுதான் குரல் தாழ்ந்தது: "சொன்னா இந்தியாக் கப்பல் போயிடுமேங்க."

சொன்னால், தந்தை கண்ட கனவு போகும். சொல்லாவிட்டால்? படத்தில் தீவு இடம் மாறும். அதை நம்பிப் போகும் ஒவ்வொரு கப்பலும் தாகத்தில் தவிக்கும்.

மூன்றாம் நாள், வரைபடச் சாலை. படக்காப்பாளர் பெல்ச்சியோர் மை தொட்ட இறகோடு குனிந்திருந்தார். சுற்றிலும் மீகாமன்கள். கப்பலில் வந்தவர்கள் பேசியதைக் கேட்டிருந்த காப்பாளர், தீவை எவ்வளவு வடக்கே தள்ளட்டும் என்று கேட்டார்.

"தீவத் தள்ளாதீங்க ஐயா. தள்ளிப் போனது நான்தான்."

இந்தியாக் கப்பலுக்கு வேறொருவர் போனார். என் தந்தை கடைசிவரை கரையோரப் படகுகளில் உப்பு ஏற்றிச் சென்றார்.

வானை அளக்க வளையம் செய்தோம், வாரிதியை வரைந்தோம். எல்லாம் சரி. அந்தப் படத்தை நம்பி உயிரை ஒப்படைத்தோமே, எதை நம்பி? எவரோ ஒருவர் தன் தவறைத் தன் வாயால் சொல்லியிருப்பார் என்றுதானே?

அந்தப் படத்தை நம்பிப் போய்த் தெர்சேய்ராவில் தண்ணீர் பிடித்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்.

அடேயப்பா, இத்தனை கைகளா! தாழ்த்தாதீர்கள், கொஞ்சநேரம் அப்படியே இருக்கட்டும். அம்மா பின்வரிசையில் இருக்கிறார். அவர் எண்ணி முடிக்கட்டும்.

கேட்ட செவிகளுக்கும், தூக்கிய கைகளுக்கும் என் நன்றி, வணக்கம்.