நானூறு டிகிரி

பிரித்திகா: பொடியக் கொட்டிராதீங்க அண்ணாச்சி! இன்னொரு தடவ பாக்கேன்.

தங்கசாமி: பாத்துக்கிட்டே இருந்தா வெளுத்துருமா பாப்பா? அதே பழுப்புதான்.

பிரித்திகா: காலையில இருந்து மூணாவது தடவ! அதே நைட்ரேட் உப்பு. யூரியாவக் கூட்டியும் பாத்தாச்சு, கொறச்சும் பாத்தாச்சு. நல்லா நுரைக்குது, குப்புனு பத்துது... பொடி மட்டும் வெள்ளையா வர மாட்டேங்கே!

தங்கசாமி: பதறாத. அந்தப் பரிட்சைக்காரரு எங்கன வாராரு?

பிரித்திகா: ரயில் கடம்பூர் தாண்டிருச்சுன்னு அரை மணிக்கு முந்தியே சொன்னாரு. என் கண்ணு முன்னால செஞ்சு காட்டும்மான்னு சொல்லிட்டாரு.

தங்கசாமி: வந்தா வரட்டுமே, பழுப்புன்னா என்ன...

பிரித்திகா: என்னவா? பழுப்புன்னா பொடி இன்னும் படிகமாகலன்னு அர்த்தம். பீங்கான் பொடிய ஆயிரம் டிகிரிக்குப் பக்கத்துல சுட்டாத்தான் படிகமா வரும்னு ஊரே சொல்லுது. நான் நானூறுலயே வரும்னு எழுதிருக்கேன். அதுக்குத்தான் டாக்டர் பட்டமே! ஆறு வருஷம் அண்ணாச்சி...

தங்கசாமி: நீ நானூறுன்னு எழுதுன போன வருஷத்துப் பொடி ஒண்ணு டப்பால கிடக்குல்லா, பால் கணக்கா...

பிரித்திகா: அந்தப் பேச்ச விடுங்க.

தங்கசாமி: இல்ல பாப்பா, அதப் பத்தி ஒண்ணு...

பிரித்திகா: விடுங்கன்னேன்ல்லா!

தங்கசாமி: விட முடியலியே. நெஞ்ச அறுக்கு. அன்னிக்கு நீ இடைசெவலுக்குக் கல்யாண வீட்டுக்குப் போயிட்ட. அந்தப் பொடியும்... பழுப்பாத்தான் வந்துச்சு.

பிரித்திகா: அதோட நிறுத்துங்க.

தங்கசாமி: இந்தக் காலேஜ் லேபுக்கு வாரதுக்கு முந்தி இருவது வருஷம் தீப்பெட்டி ஆபீஸ்ல மருந்து கலக்குனவன் நான். நிறம் மட்டமா இருந்தா சரக்கத் திருப்பிருவாவ. ஒருத்தருக்கும் தெரியாம நாங்களே சரிபண்ணி வச்சிருவோம். அந்தப் பழக்கம் விடல.

பிரித்திகா: இப்ப எதுக்கு இதெல்லாம்...

தங்கசாமி: திரும்ப பர்னஸ் உலையில வச்சு... தொள்ளாயிரத்துக்கு ஏத்திட்டேன். பளிச்சுனு வெளுத்துருச்சு. பிள்ள சந்தோசப்படுமேன்னு வாயத் திறக்கல. அடிக்கணும்னா அடி பாப்பா!

பிரித்திகா: அழாதீங்க அண்ணாச்சி.

தங்கசாமி: அவரு வரட்டும், நானே சொல்லுதேன். தப்பு பூரா என்னுது, அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுன்னு கால்ல விழுதேன்.

பிரித்திகா: உங்க வேல போயிரும்.

தங்கசாமி: போனாப் போட்டும்! எனக்கென்ன, மறுபடியும் மருந்து கலக்கப் போறேன். உனக்கு ஒரு கெட்ட பேர் வரப்படாது.

பிரித்திகா: அப்படிச் சொல்லாதீங்க...

தங்கசாமி: அந்தா, வாசல்ல ஆட்டோச் சத்தம். வந்துட்டாரு. தள்ளு, கதவத் திறக்கேன்.

பிரித்திகா: நில்லுங்க! நீங்க ஒண்ணும் சொல்லப்படாது. அன்னிக்கு நான் சாயந்தரமே திரும்பிட்டேன் அண்ணாச்சி. நீங்க டீ குடிக்கப் போயிருந்தீங்க. பர்னஸ் எழுநூறக் காட்டிக்கிட்டு ஆறிக்கிட்டு இருந்துச்சு. அதப் பாத்துட்டும்... தெரிஞ்சேதான் நானூறுன்னு எழுதுனேன்.