ஐந்தாம் எண் மஞ்சள்

எங்கள் தெருவில் எந்த வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்று வாசனையிலேயே சொல்லிவிடுவேன். யார் வீட்டுப் பெண் ஏனாத்தூர் காலேஜுக்கு யார் பைக்கில் போகிறாள் என்பதும் தெரியும். இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள்தான் முதலில் வந்து என்னிடம் விசாரிப்பார்கள். ஆகவே டாக்டரம்மா, சங்கரி வீட்டில் கடைசி நான்கு நாள் நடந்ததை எழுதித் தரும்படி நீங்கள் கேட்டது சரியான ஆளைத்தான்.

என் பெயர் கமலாட்சி. வயது ஐம்பத்தேழு. என் வீட்டுக்காரர் இருந்தவரை பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருந்தோம். இரண்டு மஞ்சளும் ஒன்றுதானா என்று சந்தேகம் வந்தால் காஞ்சிபுரத்தில் பாதிப் பேர் என் கண்ணைத்தான் கேட்பார்கள். சங்கரியும் அவள் புருஷன் ஆனந்தகுமாரும் பக்கத்து வீட்டில் தறி நெய்கிறவர்கள். அவர்கள் குழந்தை துளசி பித்தக்குழாய் அடைப்போடு பிறந்ததும், இரண்டாம் மாதத்தில் நீங்கள் ஆபரேஷன் செய்து கல்லீரலைக் குடலோடு இணைத்ததும் உங்களுக்குத் தெரிந்த கதை. தெரியாததை எழுதுகிறேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது உங்கள் நர்ஸ் கிரேஸ் ஓர் அட்டை கொடுத்தாள். ஏழு கட்டம், ஏழு நிறம். குழந்தையின் மலம் எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று தினமும் அந்தக் கட்டத்தின் எண்ணைப் போனில் அனுப்ப வேண்டும். மூன்று வரைக்கும் வெளுப்பு, பித்தம் இறங்கவில்லை என்று அர்த்தம். காய்ச்சல் வந்தால் மற்ற குழந்தைகளுக்குச் சளி என்று நினைக்கலாம். இந்தக் குழந்தைக்குப் பித்தக்குழாயில் கிருமி என்றே நினைத்து அன்றைக்கே சென்னைக்கு வண்டி ஏற வேண்டும். கிரேஸ் இதைச் சங்கரிக்குச் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். நான் எங்கேயும் இருப்பேன்.

சங்கரிக்குத் தன் கண் மேல் நம்பிக்கை இல்லை. போனில் படம் எடுத்தால் எல்லாமே மஞ்சளாக விழுகிறது.

"அத்த, வந்து பாத்து சொல்லுங்களேன். நாலா, அஞ்சா?"

"அஞ்சுடி. நல்ல கடுகு மஞ்சள். உன் புருஷன் நெய்ஞ்சிக்கினு இருக்கானே, அந்தச் சேலைய விட இது நல்லாவே இருக்குது."

அவள் சிரிப்பாள். பிறகு தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் எல்லாம் என்னை நிறுத்துவார்கள். "இன்னிக்கு துளசிக்கு எத்தினி நம்பர்க்கா?" என் மகள் பெங்களூரிலிருந்து மாதம் ஒருமுறை வீடியோவில் வருவாள், அதிலும் பாதி நெற்றிதான் தெரியும். இங்கே மூன்று மாதமாக, தினமும் ஒரு வீடு என் வரவுக்குக் காத்திருந்தது.

கிருமி வந்தால் மாதக்கணக்கில் சென்னையிலேயே தங்க வேண்டியிருக்கும் என்றும் கிரேஸ் சொல்லியிருந்தாள். ஆபரேஷனுக்கு அவர்கள் போயிருந்த நாற்பத்தொரு நாளில் என்னோடு பேசியது பால்காரரும் சிலிண்டர் போடுகிறவரும்தான்.

திங்கட்கிழமை நிறம் மூன்று. ஐந்து என்றேன்.

"வெளுத்தாப்ல இருக்குதே அத்த?"

"காஞ்சா எந்த மஞ்சளும் ஒரு சுத்து வெளுக்கும். முப்பது வருசம் ஈர நூல் பாத்தவளுக்கு நீ சொல்லித் தரியா?"

சாயம் காய்ந்தால் வெளுக்கும் என்பது உண்மை. நான் பொய் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை சங்கரி உள்ளே நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். குழந்தை என் மடியில். உடம்பு கொதித்தது. தெர்மாமீட்டர் நூற்றொன்று காட்டியது. தடுப்பூசி போட்டபோது வாங்கிய காய்ச்சல் சொட்டு மருந்து அலமாரியில் இருந்தது. கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்துச் சங்கரி பார்த்தபோது காய்ச்சல் இல்லை. தினமும் காய்ச்சலும் நிறமும் குறிக்கும் நோட்டில் எழுதிவிட்டு, "இன்னிக்கும் நல்லா இருக்குறா அத்த" என்றாள். பெற்றவள் முகத்தில் அந்த நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

புதன்கிழமை இரண்டு. சங்கரி பார்க்குமுன் துணியை அலசிவிட்டு ஐந்து என்றேன். மாலையில் குழந்தை பால் குடிக்கவில்லை. மருந்து நான்கு தடவை கொடுத்தேன்.

வியாழக்கிழமை காலையில் சங்கரி குழந்தையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அத்த, கண்ணுல மஞ்சள் ஏறிக்கினு இருக்குதே" என்றாள். என்னைக் கேட்காமல் அவளே கண்டுபிடித்த மஞ்சள் அது ஒன்றுதான்.

காரில் நானும் வந்தேன். குழந்தை பயணம் தாங்க வேண்டுமே என்று ஏறுவதற்கு முன் ஒரு வேளை கொடுத்தேன். நீங்கள் காய்ச்சல் இருந்ததா என்று கேட்டீர்கள். சங்கரி நோட்டை நீட்டினாள். "ஒருநாள்கூட இல்ல டாக்டர். நெறமும் அஞ்சுதான்." நோட்டு சுத்தமாக இருந்ததால் நீங்கள் இணைப்பு அடைத்துக்கொண்டதோ என்று ஸ்கேனுக்கு அனுப்பினீர்கள். சாயங்காலம் மருந்தின் வேகம் இறங்கிக் காய்ச்சல் எழும்பிய பிறகுதான் கிருமிக்கு ரத்தம் எடுத்தீர்கள். அதுவரை சங்கரியின் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒன்பதாம் நாள் துளசி போய்விட்டாள்.

குழந்தையின் ரத்தத்தில் காய்ச்சல் மருந்து இருந்தது என்று நீங்கள் சொன்னதிலிருந்து ஆனந்தகுமார் சங்கரியின் முகத்தைப் பார்ப்பதில்லை. "கொழந்தகிட்ட நீதான இருந்த, வேற எவ குடுத்தா?" என்று கேட்டான். அவள் முதலில் இல்லை என்றாள். இப்போது, தூக்கக் கலக்கத்தில் தானே கொடுத்துவிட்டேனோ என்று சந்தேகப்பட ஆரம்பித்திருக்கிறாள். சாப்பிடுவதில்லை.

கொடுத்தது நான். மூன்று நாளில் ஆறு தடவை. மூன்றையும் இரண்டையும் ஐந்து என்று சொன்னதும் நான்தான். என் கண் தவறவில்லை; அதை மட்டும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

இதைச் சங்கரியிடம் நீங்கள் சொல்லிவிட வேண்டாம். தாங்கமாட்டாள். அவளுக்கு இப்போது என்னை விட்டால் யாரும் இல்லை. நேரம் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து, நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.