டிராகனின் முதுகு

கணவன்: ...இல்ல, சீட்டைத் திருப்பாத. முதுகை மட்டும் ஜன்னல்கிட்ட வச்சுப் பாரு.

மனைவி: பாத்தாச்சு. நீலம். எல்லாச் சீட்டுக்கும் முதுகு நீலம்தானே?

கணவன்: மத்ததெல்லாம் ராத்திரி வானம். இது துவைச்சுத் துவைச்சு வெளுத்த சட்டை.

மனைவி: கண்ணாடியத் தொடைச்சுட்டுப் பாருங்க.

கணவன்: தொடைச்சாச்சு. இப்பத் திருப்பு. என்ன சீட்டு?

மனைவி: ...டிராகன்.

கணவன்: ஆட்டத்துக்கே ஒரே டிராகன். எதிராளி கையிலிருந்து அதை உருவுறவங்கதான் ஜெயிப்பாங்க. முதுகைப் பாத்தே அது எங்க இருக்குன்னு தெரிஞ்சா அப்புறம் என்ன ஆட்டம்? சாயங்காலம் பொம்மைக் கடைக்காரர் வந்து ஆடிப் பாக்கப்போறார். அவருக்குப் பிடிச்சாத்தான் நம்ம சீட்டு கடை ஏறும். இல்லன்னா பரண்தான்.

மனைவி: நான் என்ன பண்ண? பச்சை டிராகன், படத்துல பின்னால இருக்குற காட்டு ராஜ்யத்தோட பச்சையில கரைஞ்சுபோகுது, செம்பு நிறமா மாத்துன்னு தொணதொணத்தது யாரு?

கணவன்: மாத்தச் சொன்னேன். தனியா அச்சடிக்கவா சொன்னேன்?

மனைவி: மத்ததெல்லாம் அச்சாகி வந்தப்புறம் வாயத் திறந்தா தனியாத்தான் அடிக்கணும். அன்னிக்குக் கலந்த நீலம் வேற, இது வேற.

கணவன்: அச்சகத்துக்கு ஓடிப் பாக்கட்டுமா?

மனைவி: பூட்டுதான் தொங்குது. அச்சகக்காரர் மக வீட்டுக்குப் போயிட்டாராம். காலையிலேயே போன் பண்ணிக் கேட்டேன்.

கணவன்: காலையிலேயா? நான் இப்பத்தானே சொன்னேன்?

மனைவி: அது... வேற விஷயமா.

கணவன்: ம். சரி, டிராகனோட சேர்த்து வேற ஏதாவது அடிச்சியா?

மனைவி: ...ஒண்ணு. ஆனா காட்டமாட்டேன்.

கணவன்: காட்டு.

மனைவி: கோபப்படக் கூடாது.

கணவன்: இது என்ன... டிராகன் தோலைப் போர்த்திக்கிட்டு ஒரு ஆளு. இந்த மூக்கை எங்கேயோ பாத்திருக்கேனே.

மனைவி: கண்ணாடியில பாத்திருப்பீங்க.

கணவன்: என் நெத்தி இவ்வளவு ஏறியா போச்சு?

மனைவி: மனசு கேக்காம முடி கொஞ்சம் கூட்டித்தான் போட்டிருக்கேன்.

கணவன்: இரு, இரு. இவன் முதுகும் அதே வெளுப்பு. பக்கத்துல வச்சா எது எதுன்னு தெரியல... இவனையும் கட்டுல சேத்துடு. ஒண்ணு டிராகன், ஒண்ணு போலி. போலியை உருவினா தோல்வி.

மனைவி: தப்பா வந்த நீலத்தை, வேணும்னே விரிச்ச வலைன்னு சொல்லப்போறீங்க. கூசாம.

கணவன்: மறைச்சாத்தான் அது பழுது. நாமளே எடுத்துக் காட்டினா சரக்கோட விசேஷம்.

மனைவி: வாசல்ல செருப்புச் சத்தம். வந்துட்டார்போல.

*

கடைக்காரர்: ஏம்மா, உங்க வீட்டுக்காரர் கையில ரெண்டு சீட்டு வெளுத்திருக்கே. மை பத்தலையா?

கணவன்: ஐயா கண்ணுக்கு எதுதான் தப்பும்? ஒண்ணு டிராகன், ஒண்ணு போலி. எது எதுன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்.

கடைக்காரர்: ஓஹோ. ஆளோட முகத்தைப் பாத்தே விலையை ஏத்தி இறக்குறவன் நான். இடது பக்கச் சீட்டைப் பாக்கும்போதெல்லாம் எச்சில் முழுங்குறீங்க. இதான் டிராகன். ...யாரும்மா இது, போர்வைக்குள்ள?

மனைவி: இவரேதாங்க.

கடைக்காரர்: அடப்பாவி. வெறும் எச்சிலை முழுங்கி என்னைக் கவுத்துட்டாரே. கலைங்க, இன்னொரு ஆட்டம்.

மனைவி: அப்போ கடையில...

கடைக்காரர்: அனுப்புங்கம்மா, வைக்கிறேன். அந்த வெளுப்பை மட்டும் சரி பண்ணித் தொலைச்சுடாதீங்க. ம், கலைங்க.

*

கணவன்: போயிட்டார். இப்பச் சொல்லு. ஒரு மாசமா தினமும் என் கையிலிருந்து டிராகனைக் குறி பாத்து உருவினியே, எப்படி?

மனைவி: கெட்டிக்காரத்தனம்.

கணவன்: ம்.

மனைவி: ...சரி, வெளுப்புதான். சீட்டு வந்த அன்னிக்கே பாத்தேன். தோத்தவங்க பாத்திரம் கழுவணும்னு பந்தயம் வச்சது நீங்கதானே? நான் ஏன் சொல்லணும்? ...என்ன சிரிப்பு? உங்களுக்கு எப்பத் தெரியும்?

கணவன்: எனக்கும் அன்னிக்கேதான். டிராகனை மாத்தச் சொன்ன கோபத்துல, இதோட சரின்னு தூரிகையைத் தூக்கி அலமாரி மேல போட்டவ நீ. தினம் ஒரு ஆட்டம் ஜெயிச்சு ஜெயிச்சுத்தானே மனசு இறங்கி, மறுபடி தூரிகையெடுத்து சீட்டுப் பெட்டிக்கு மேல்படம் வரைஞ்சு குடுத்த? பாத்திரம் கழுவினதுல என் கை ஒண்ணும் தேய்ஞ்சுடலையே.