கருஞ்சில்லுக்கு நான் போட்ட கையெழுத்து

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய சாதிபெக் அவர்களே! கரகந்தியிலிருந்து கடும்பனியைக் கடந்து வந்திருக்கும் பெரியோர்களே! பரந்த புல்வெளியைப் பட்டியாக்கி வாழும் தாய்மார்களே! விண்ணிலிருந்து வீழ்ந்ததை நெஞ்சோடு அணைத்த சேகரிப்பாளர் தோழர்களே! மரால் ஒஸ்பனோவாவின் வணக்கம்!

உள்ளிருக்கும் உயிர் பிழைக்கத் தன்னை எரித்துக்கொள்வது எது? விண்கலத்தின் வெப்பக் கவசம்! அதன் சில்லுகள் விழுவது எங்கே? நம் ஜெஸ்கஸ்கன் புல்வெளியில்! இது அசல் என்று சான்றிதழ் கொடுப்பது யார்? இருபது ஆண்டுகளாக நான்!

பொறுங்கள், கதையைக் கேட்டபின் கைதட்டுங்கள்.

போன வசந்தத்தில் இதே மண்டபத்தில் கண்காட்சி. கவசச் சில்லு என்று சொல்லி நண்பர் கெனெஸ் கொண்டுவந்த கருஞ்சில்லு கண்ணாடிப் பேழையில் கம்பீரமாக வீற்றிருந்தது. பக்கத்தில் என் சான்றிதழ். ஆடு வளர்க்கும் சௌரே அம்மையார் புல்வெளியில் கண்டெடுத்த கவசத் துண்டை மாவுப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

கெனெஸ் சிரித்தார். "என்னக்கா, அடுப்புலேருந்து எடுத்துட்டு வந்தீங்களா?"

"பேழைக்குள்ள வச்சிருக்கியே தம்பி, அதுதான் அடுப்புச் சரக்கு! செம்பு ஆலைக் கசடு. என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் அள்ளிக் கொட்டினது. எனக்குத் தெரியாதா?"

மண்டபமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இரண்டையும் உருப்பெருக்கியில் பார்த்தேன். அம்மையாரின் துண்டில் மேலே கரி, அடியில் வெப்பக் கவசத்துக்கே உரிய, பிசினில் தோய்த்த துணி, அடுக்கடுக்காய், அடுக்கடுக்காய்! கெனெஸின் சில்லில்? ஓர் இழைகூட இல்லை. நண்பர் சொன்னார் என்று சோதிக்காமலே ஒப்பமிட்டிருந்தேன்!

கெனெஸ் காதருகே குனிந்தார். "மரால், உன் பேரும் போயிடும். வாயத் திறக்காதே."

ஆனாலும் நான் ஒலிவாங்கியை எடுத்தேன். "அம்மா சொல்றதுதான் சரி. தப்பு என்னோடது" என்றேன். சான்றிதழைக் கிழித்தேன்.

யாரங்கே, கெனெஸ் கோபித்தாரா என்று கேட்பது? ஐந்து மாதம் பேசவில்லை ஐயா! ஆறாவது மாதம் அவரே வண்டியோடு வாசலில் நின்றார். "ஏறு. அந்த அக்காகிட்ட மன்னிப்புக் கேக்கணும். தனியாப் போகப் பயமா இருக்கு."

சௌரே அம்மையார் புளித்த குதிரைப்பாலான குமிஸ் ஊற்றிக் கொடுத்தார். பிறகு அந்தத் துண்டு விழுந்த இடத்துக்கே நடத்திச் சென்றார். என்றைக்கு விழுந்தது, எந்தத் திசையில் கலத்தின் வான்குடை விரிந்தது, எத்தனை ஆடு மிரண்டு ஓடியது, அத்தனையும் சொன்னார். கெனெஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுதிக்கொண்டே இருந்தார்.

தோழர்களே! முத்திரையா அசல்? கண்ணாடிப் பேழையா அசல்? என் கையெழுத்தா அசல்? இல்லை! கண்டவர் சொல்லும், கண்ணால் சோதித்த உண்மையுமே அசல்! என் ஒப்பம் உள்ள சில்லுகளையெல்லாம் கொண்டு வாருங்கள். இன்றே, இங்கேயே, மறுபடி சோதிக்கிறேன். பொய்யென்றால் உங்கள் கண்முன்னே கிழிக்கிறேன். அதற்குப் பிறகும் நிற்கும் பெயர்தான் என் பெயர்!

பொறுமையோடு கேட்ட பேரவைக்கு நன்றி கூறி, உருப்பெருக்கியோடு கீழே இறங்கி வருகிறேன். வணக்கம்!