நாயின் பெயரில் ஒரு பந்தயம்

பிரசார அலுவலகத்தில் காபி போடுவது என் வேலை இல்லை. ஆனாலும் நான்தான் போடுவேன். மற்றவர்கள் போட்டால் வாயில் வைக்க முடியாது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போட்டியிடும் லைல் ஹால்வர்சனுக்கு என் காபி பிடிக்கும். "மார்லிஸ், நீ இல்லன்னா நான் காங்கிரஸுக்குப் போறது இருக்கட்டும், கட்டிலை விட்டே எழுந்திருக்க மாட்டேன்" என்பார். அவர் எங்கே எப்போது பேச வேண்டும், பிரசாரப் பேருந்து எந்த வழியாகப் போக வேண்டும் என்பதெல்லாம் என் பொறுப்பு. கணவர் வழியில் வந்த குடும்பப் பெயரைத்தான் அங்கே கொடுத்திருந்தேன். அதனால் நான் டுவேனின் அக்கா என்பது லைலுக்குத் தெரியாது.

லைல் மாவட்ட அரசு வழக்கறிஞராக இருந்தபோது என் தம்பி டுவேனுக்கு நீண்ட சிறைத்தண்டனை வாங்கிக் கொடுத்தார். "இவனை இன்னிக்கு வீட்டுக்கு அனுப்பினா நாளைக்கு உங்க தெருவுல பொணம் விழும்" என்று ஜூரியைப் பார்த்துச் சொன்னார். இரண்டாவது குளிர்காலத்தில் டுவேன் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டான். நான் கோபக்காரி இல்லை. காத்திருந்தேன். லைல் காங்கிரஸ் தேர்தலில் நிற்கிறார் என்று தெரிந்ததும் வேலை கேட்டுப் போனேன்.

அவருக்குக் கருத்துக்கணிப்பில் நம்பிக்கை கிடையாது. "கேள்வி கேட்டா ஜனங்க பொய் சொல்லுவாங்க. காசு போட்டவன் பொய் சொல்ல மாட்டான்" என்பார். தேர்தல் முடிவின்மேல் பந்தயம் கட்டும் இணையச் சந்தை ஒன்றை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் ஜெயித்தால் அவருடைய பங்குக்கு ஒரு டாலர் கிடைக்கும், தோற்றால் ஒன்றுமில்லை. பங்கு அறுபத்தெட்டு சென்ட்டுக்குப் போனால் அவர் ஜெயிக்க நூற்றுக்கு அறுபத்தெட்டு வாய்ப்பு என்று அர்த்தம். காய்ச்சல்காரர் தெர்மாமீட்டரைப் பார்ப்பதுபோல் அதைப் பார்ப்பார்.

அந்தச் சந்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர் மகன் ஆண்டர்ஸ். கல்லூரியை முடித்துவிட்டு அப்பாவுக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். நல்ல பையன். எனக்குச் சளி பிடித்தபோது காட்டரிசி சூப் வாங்கி வந்தான்.

"மார்லிஸ், இங்க வாங்க. அப்பா இன்னிக்கு என்ன விலைக்குப் போறார்னு பாருங்க."

"நீயும் பந்தயம் கட்டியிருக்கியா?"

"அவர் ஜெயிப்பார்னுதான் கட்டியிருக்கேன். மாத்திக் கட்டினா வீட்டுல சாப்பாடு போட மாட்டாங்க."

அவன் கணக்கின் பெயர் வாஃபிள். அது அவன் நாயின் பெயர். என் கணினியில் திறந்தவன் மூட மறந்து போய்விட்டான். பிறகு அதைத் திரும்பிப் பார்க்க அவனுக்கு நேரமும் இல்லை. எங்கள் தொகுதியின் பந்தயத்தை வெளியூரில் யார் சீண்டுவார்கள்? ஒருவர் கொஞ்சம் விற்றாலே விலை சரியும். அவன் போட்டு வைத்திருந்ததே போதுமானதாக இருந்தது.

சுரங்கத் தொழிற்சங்கம் லைலை ஆதரிக்காது என்று முதலில் என்னிடம்தான் சொன்னார்கள். நான் வாஃபிளின் பங்குகளில் கொஞ்சத்தை விற்றுவிட்டு, விலை இறங்கிய பிறகு லைலிடம் செய்தியைச் சொன்னேன். அடுத்து வந்த ஒவ்வொரு கெட்ட செய்திக்கும் அப்படியே செய்தேன். சந்தைக்கு எப்போதும் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

"நமக்குள்ளயே எவனோ விக்கிறான்" என்றார் லைல். தூக்கம் போயிற்று. பிரசார மேலாளரைச் சந்தேகப்பட்டு வேலையை விட்டு அனுப்பினார். பங்கு முப்பத்தொன்றுக்கு வந்தபோது, "யார் வித்தாங்கன்னு அந்தத் தளத்துலயே பேர் போட்டிருக்குமாமே, பார்த்தீங்களா?" என்று கேட்டேன். அவர் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

வாக்குப்பதிவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அது. மதியத்திலிருந்து மழை விழுந்து விழுந்து பனிக்கட்டியாக உறைந்துகொண்டிருந்தது. ஆண்டர்ஸ் உள்ளே வந்ததும் லைல் கதவைச் சாத்தினார். ஆனாலும் எல்லாம் கேட்டது.

"பெத்த அப்பனையே வித்துட்டியேடா."

"அப்பா, நான் வாங்கினதோட சரி. விக்கவே இல்ல."

"அப்போ நாய் வித்துச்சா? என் கண்ணு முன்னாடி நிக்காத. போ."

ஆண்டர்ஸ் என் மேசைக்கு வந்தான். கண்கள் சிவந்திருந்தன. "நான் அம்மா வீட்டுக்குப் போறேன், மார்லிஸ். ஆத்துப் பாலம் வழியா போலாமா?"

சற்று முன்தான் உங்கள் போலீஸ் அலுவலகத்திலிருந்து என்னை அழைத்திருந்தார்கள். பாலம் முழுவதும் கண்ணாடிபோல் உறைந்து கிடக்கிறது, ஒரு பால் லாரி வழுக்கித் தடுப்பை உடைத்துவிட்டது, பேருந்தை அனுப்ப வேண்டாம் என்றார்கள். பேருந்தை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்.

"தாராளமா போலாம். உப்பு போட்டுட்டாங்க. மெதுவா போ" என்றேன்.

மெதுவாகப் போகச் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் அவன் வண்டியை ஆற்றிலிருந்து எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை லைல் ஜெயித்தார். சந்தை சொன்னது தவறு. வெற்றிக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. சவ அடக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா அவன்கிட்ட அன்பா பேசினது நீதான், மார்லிஸ்" என்றார். ஆமாம் என்றேன்.

அதோடு விட்டிருந்தால் நீங்கள் என்னைத் தேடி வந்திருக்க மாட்டீர்கள். ஆனால் யார் செய்தது, எதற்காகச் செய்தது என்று அவருக்குத் தெரியாவிட்டால் நான் பட்ட பாடெல்லாம் வீண். நேற்று அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் தம்பி பெயரையும் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"உன் தம்பி யார் மேல லாரிய ஏத்தினான்னு ஞாபகம் இருக்கா?"

இல்லாமலா. பள்ளிப் பேருந்துக்கு நின்றிருந்த ஓர் அம்மாவும் இரண்டு சிறுமிகளும். டுவேன் குடித்திருந்தான்; அதற்கு முன்பும் இரண்டு தடவை குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டிருந்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது விபத்து. தெரிந்தே ஓர் உயிரைச் சாகவிடுகிறவர்கள் வேறு ரகம், ஐயா. எங்கள் குடும்பத்தில் அப்படிப்பட்டவர்கள் யாரும் இல்லை.