காலுக்கடியில் வந்த சத்தம்

ஜன்னலைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். இது சத்தமாகச் சொல்கிற கதை இல்லை.

விளக்கு வைக்கிற நேரம். தாமல் ஏரிக்கரைச் சாலை... ஒரு வண்டி இல்லை, ஒரு ஆள் இல்லை. சுகாசினி தனியாக ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு போகிறாள். நம் ரேவதியின் சித்தி மகள்தான். விமானப் பணிப்பெண். அன்றைக்கு அவள் போனது ஒரு சாவு வீட்டுக்கு. மன்னிப்புக் கேட்க.

நடந்தது அதற்கு முந்தின வாரம். வளைகுடாவிலிருந்து சென்னைக்கு வரும் விமானம். பயணிகளுக்குக் கீழே, சாமான் ஏற்றும் அறையில், ஒரு சவப்பெட்டி. ஆனந்தராஜ் என்று ஒரு தாமல்காரர். கட்டட வேலைக்குப் போன இடத்தில், தோண்டிய பள்ளத்தில் மண் சரிந்து செத்துப்போனார். அண்ணன் முருகேசனுக்கும் அங்கேதான் வேலை. தம்பியின் உடலோடு, மேலே கடைசி வரிசையில் உட்கார்ந்து வருகிறார்.

சுகாசினி தண்ணீர் கொடுத்தபோது அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பாப்பா... நீ சின்ன காஞ்சிவரம் கோதண்டபாணி பொண்ணுதானே? உங்கப்பா கடையிலதாம்மா எங்களுக்கு வெதை, உரம் எல்லாம்."

கூட வேலை செய்கிற பெண்கள் பக்கத்தில் நிற்கிறார்கள். இவர் சட்டை கசங்கிக் கிடக்கிறது, கண் வீங்கியிருக்கிறது. அவளுக்கு என்னவோ போலிருந்தது.

"நோ சார். நான் சென்னை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாள்.

விளக்குகளை அணைத்தாயிற்று. விமானத்தின் பின்கோடியில், சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் இடத்தில், அவள் மட்டும். முதலில் வாசனைதான் வந்தது. புதிதாக வெட்டிப்போட்ட ஈரமண் வாசனை... விமானத்துக்குள் ஏது மண்? சிரிக்காதே குரு, கேள்.

அப்புறம் காலுக்கடியில்... டொக்.

செருப்பின் குதிகால் வழியாக அதிர்வு ஏறியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வலதுபக்கம்... டொக், டொக். முன்னால் எங்கேயோ தள்ளி இன்னொன்று, பொறுக்க முடியாதவன் தட்டுகிற மாதிரி, வேகமாக.

திரையை விலக்கிக்கொண்டு முருகேசன் வந்தார்.

"கீழ தட்டிக்கினே இருக்குது பாப்பா. என் தம்பி... உனக்குக் கேக்குதா?"

கேட்கிறது என்று சொன்னால் அவர் அலறுவார், எல்லாரும் எழுந்துவிடுவார்கள். அதைவிட, அவளுக்கே பயம்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல சார். போய் உக்காருங்க."

அவர் அவள் கால்களையே பார்த்தார். குதிகால் தரையில் படாமல், நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு சத்தம் வரவில்லை.

சென்னையில் இறங்கி, பயணிகள் போன பிறகு விமானத்தைச் சுற்றிப் பார்க்கப் போன துணை விமானி வசந்த், கீழேயிருந்து எல்லாரையும் கூப்பிட்டார். விமானத்தின் வயிற்றுத் தகடு புடைத்திருந்தது. முஷ்டி முஷ்டியாக. பறவை மோதினால் தகடு உள்ளே குழியும். இது உள்ளிருந்து வெளியே தள்ளியிருந்தது. பெட்டியோ கட்டியது கட்டியபடி பின்னால் கிடந்தது, சீல்கூட உடையவில்லை. அறையின் உட்சுவரில் ஒரு கீறல் கிடையாது. ஆனால் வெளியே, பின்பக்கம், வலதுபக்கம், முன்னால், சாமான் ஏற்றும் கதவுக்குப் பக்கத்தில் கொத்தாக... பொறியாளர் ஒரு புடைப்பைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை பேண்டில் துடைத்துக்கொண்டார்.

"யாராவது சத்தம் கேட்டீங்களா?" என்றார் கேப்டன். எல்லாரும் இல்லை என்றார்கள். சுகாசினியும்.

வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. "நம்ம கடைக்கு வர்ற பையன்மா, பாவம்" என்று சொல்லிவிட்டு அப்பா சாவுக்குப் போய்வந்தார். அவள் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். சில நாள் அப்படியே போயிற்று. பிறகுதான் அந்த ஏரிக்கரைச் சாலையில் கிளம்பினாள்.

முருகேசன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவளால் உட்கார முடியவில்லை.

"அண்ணா... நான் காஞ்சிவரம்தான். அன்னிக்குப் பொய் சொன்னேன். எனக்கும் கேட்டுச்சு."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"எத்தினி பேரு தட்டுனாங்கமா?"

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பிகூட இன்னும் மூணு பேரு அந்த மண்ணுல மாட்டிக்கினாங்க. திருப்புட்குழி, முசரவாக்கம்... எல்லாம் நம்ம பக்கத்துப் பசங்க. அவங்கள எடுக்கவே இல்ல. மேலயே மண்ணப் போட்டு மூடிட்டாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் வந்து எறங்குனதுலேர்ந்து அவங்க வீட்டுப் பொம்பளைங்க போன் பண்ணிக்கினே இருக்குறாங்க. ராத்திரில யாரோ கதவத் தட்டுறாங்களாம். தெறக்கலாமா, வேணாமான்னு என்ன கேக்குறாங்க. நான் என்னாமா சொல்லுவேன்? எனக்கு அன்னிக்குத் தம்பி நெனப்புதான், பிரிச்சுக் கேக்கத் தெரியல. நாலு பேருன்னா அவங்களும் கூடவே வந்துட்டாங்கன்னு அர்த்தம். நீ சொல்லு... ஒருத்தனா, நாலு பேரா?"

பின்பக்கம்... வலதுபக்கம்... முன்னால்... கதவோரம்... புடைப்பிருந்த நாலு இடமும் அவளுக்கு நினைவிருந்தது. கேப்டன் முகமும் நினைவுக்கு வந்தது. அவரிடம் சொன்ன பொய் வெளியே வந்தால் விசாரணை. வேலை போய்விடும்.

"ஒருத்தர்தாண்ணா."

முருகேசன் பெருமூச்சு விட்டார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"அப்ப அது நம்ம பசங்க இல்ல. தெறக்காதீங்கன்னு சொல்லிர்றேன்."